கரையை உயர்த்த மறுத்தவர்கள்: ஒரு மண் அணைச் சீரமைப்புச் சேவை குறித்து

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, எங்கள் ஐந்து குடும்பங்களுக்குப் பொதுவான மண் அணை ஒன்று இருக்கிறது. உயரம் 4 மீட்டர், நீளம் 70 மீட்டர். ஊரார் குட்டை என்றுதான் சொல்வார்கள். இதிலிருந்து வாய்க்கால் வெட்டி யாரும் பாய்ச்சுவதில்லை. பள்ளத்தில் வரும் மழைநீர் நின்று, ஊறி, கிணறுகளுக்கு இறங்க வேண்டும் என்பதற்காகவே எங்கள் தந்தையர் இதைக் கட்டினார்கள். கேரளத்துக்குள் இருந்தாலும் மழை குறைந்த பகுதியில் கிடக்கும் எங்கள் தென்னந்தோப்புகளைச் சித்திரை வரை காப்பாற்றுவது அந்த ஊற்றுதான்.

கடந்த மாசியில், சுற்றிலும் புல் காய்ந்து கிடந்தபோது, கரையின் வெளிப்புற அடியில் ஒரு பாய் அளவுக்குக் கோரை மட்டும் பச்சைப் பசேல் என்று நின்றது. கால் வைத்தால் ஈரம். கரைக்குக் கீழே நான்கு வீடுகள் இருப்பதால் பயந்துபோய், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இயங்கும் ஒரு சிறிய மண்வேலை நிறுவனத்தை அழைத்தோம். அதன் பெயரைக் குறிப்பிடாமல் விடுவதற்குக் காரணம், பின்னால் சொல்லப்போகும் ஒரு குறை.

அரசுப் பொறியாளர்கள் வந்து பார்க்கமாட்டார்களா என்று கேட்கலாம். 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 முதல் 15 மீட்டர் வரையிலான அணைகளுக்கும் உரியது. எங்கள் குட்டை அந்தக் கணக்கிலேயே வராது.

நாங்கள் கேட்டது கரையை அரை மீட்டர் உயர்த்தித் தர வேண்டும் என்பது. வந்த இளம் பொறியாளர் கரையின் மேல் ஒருமுறை நடந்து, மிகுதி நீர் வழிந்தோடும் வழியான கலிங்கின் முன்னால் நின்றுவிட்டார். அதில் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தோம். கூடுதலாக ஒன்றரை அடித் தண்ணீர் நிற்கட்டும் என்று நாங்களே மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்த வேலை. நீர்மட்டத்துக்கும் கரையின் தலைக்கும் இடையே இருக்க வேண்டிய ஒரு மீட்டர் இடைவெளியில் பாதியை அந்த மூட்டைகள் விழுங்கியிருந்தன. அவர் என் சித்தப்பாவிடம், "ஒசத்திக் காசு வாங்கறது எங்களுக்குச் சுலபமுங்க ஐயா. தண்ணி போறதுக்கு வழி இல்லாம ஒசத்தினா, ஒடையறப்போ இன்னும் அதிகத் தண்ணியோட ஒடையுமுங்க" என்றார்.

கான்கிரீட் அணையின் மேல் சிறிது நேரம் நீர் வழிந்தால் அது தாங்கக்கூடும்; மண் கரையால் முடியாது. 2021 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தில் செய்யேறு ஆற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணையில், வந்த வெள்ளத்தை மதகுகள் கடத்த முடியாமல் நீர் மேலேறி மண்கரையை அரித்துச் சென்றது. எங்கள் குட்டை அதன் முன் ஒரு குவளைதான் என்றாலும் உடையும் விதம் ஒன்றே. மூட்டைகளை அகற்றி, 2 மீட்டர் அகலக் கலிங்கை 6 மீட்டராக்கி, தரையில் கல் பாவினார்கள். அகலம் மும்மடங்கானதால், அதே மட்டத்தில் வழியும் நீரும் மும்மடங்கு. இந்த ஒரு வேலைக்காகவே கொடுத்த பணம் தகும்.

கசிவுக்கு அவர்கள் செய்ததும் எங்கள் எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது. வெளிப்புறத்தில் களிமண் வைத்து அடைத்துவிடலாம் என்று நினைத்திருந்தோம். ஈரம் கசிந்த இடத்தில் சிறு குழி எடுத்து, ஊறிய நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார் பொறியாளர். தெளிவாக இருந்தது. கலங்கி வந்திருந்தால், கரையின் உள்ளிருந்து மண் துகள்கள் வெளியேறுகின்றன, வெளிப்பக்கத்தில் தொடங்கும் துளை நீரை நோக்கி உள்ளே நீண்டுகொண்டு போகிறது என்று பொருள். அமெரிக்காவின் டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 காலையில் கண்ட கசிவு, நண்பகலுக்கு முன்பே அணையைக் கொண்டுபோய்விட்டது. வெளியே அடைத்தால் நீர் கரைக்குள்ளேயே தேங்கி அதை இளக்கிவிடும் என்பதால், அடியில் மணலும் அதன் மேல் ஜல்லியும் பரப்பி, நீர் மட்டும் வெளியேறி மண் தங்கும்படி செய்தார்கள்.

கரையில் வளர்ந்திருந்த சீமைக்கருவேலங்களை வேரோடு தோண்டி, குழிகளை அடுக்கடுக்காக நிரப்பினார்கள். வெட்டி மட்டும் விட்டால் வேர் மக்கிய பிறகு அதுவே நீர் செல்லும் வழியாகும். நண்டுவளைகளும் எலிவளைகளும் அப்படித்தான். இரண்டு பனைகளும் போய்விட்டன. அதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. பனையின் சல்லிவேர் கரையைப் பிடிக்கும் என்றுதான் பாட்டி காலத்தில் நட்டார்கள். சிறிய கரையில் எந்த மரமும் வேண்டாம் என்று பொறியாளர் பிடிவாதமாக இருந்தார்.

இனி அந்தக் குறை. பழைய மதகுக் குழாயை மாற்றியபோது, பொறியாளர் இல்லாத ஒரு மாலையில், குழாயைச் சுற்றி இங்குள்ள கரிசல் மண்ணைக் காய்ந்த கட்டிகளாகவே கொட்டி, ஜேசிபியின் வாளியால் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். குழாயை ஒட்டிய இடம்தான் மண் அணையில் எளிதில் அரிப்பு தொடங்கும் இடம். முதல் மழையிலேயே மண் இறங்கி, குழாயின் நீளத்துக்கு என் கை நுழையும் வெடிப்பு விழுந்தது. மூன்று முறை தொலைபேசியில் அழைத்தும் வர 11 நாட்கள் ஆயின. வந்தபின் செய்ததில் குறையில்லை: முழுவதையும் தோண்டி, செம்மண்ணும் கரிசலும் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், ஆனால் உள்ளங்கை நனையாத பதத்தில் ஈரமாக்கி, 15 செ.மீ. அடுக்குகளாக இடித்து நிரப்பினார்கள். கூலி கேட்கவில்லை, டீசலுக்கு மட்டும் கேட்டார்கள், அதைக் கொடுத்திருக்கக் கூடாது.

மொத்தச் செலவு 2,40,000 ரூபாய். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். இவர்களை அழைப்பவர்கள் குழாய் பதிக்கும் நாளில் பொறியாளர் உடனிருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு மண்ணை இறுக்கும் ரோலர் கிடைப்பதில்லை. சித்திரைக்குள் நாள் குறித்துவிடுவது நல்லது.