எளிய கிளாசிக்கல் கிட்டார் பீஸ்கள்: சில வருஷம் வாசித்ததில் எவை தேறின

கிளாசிக்கல் கிட்டாருக்கு 'ஆரம்பநிலை எளிய பீஸ்கள்' என்று போட்டு வரும் தொகுப்புகளில் பல எளிதே இல்லை. காகிதத்தில் நோட்டுகள் குறைவாகத்தான் இருக்கும். கையில் எடுத்த பிறகுதான் தெரியும், பாஸ் (கீழ்க்குரல்) நோட்டு ஒன்றை மூன்று பீட்டுக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டே மேலே மெலடியை நகர்த்தச் சொல்கிறார்கள் என்று. ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி அரைமணி நேரம் கிடைத்தால் பெரிது என்ற கணக்கில், நைலான் கம்பி கிட்டாரோடு எனக்குச் சில வருஷம் ஓடிவிட்டது. இதற்குள் நிறைய பீஸ்கள் வந்தன, போயின. புதுசில் நன்றாக இருப்பது வேறு, ஆறு மாசம் கழித்தும் எடுத்து வாசிக்கத் தோன்றுவது வேறு. நான் எழுதுவது இரண்டாவது வகையை மனதில் வைத்து.

முதலில் ஃபெர்தினாந்தோ கருல்லி. 1770-இல் நேப்பிள்ஸில் பிறந்து, பாரிஸில் குடியேறி, கிட்டார் சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்கியவர். அவருடைய ஓப்பஸ் (படைப்பு எண்) 241 பாடப்புத்தகத்தில் உள்ள சின்ன வால்ட்ஸ்களும் ஆந்தாந்தினோக்களும் (மிதமான வேகப் பீஸ்கள்) தொடங்குபவருக்கு வரம். பாஸில் பெரும்பாலும் திறந்த கம்பிகளே வருவதால் இடது கைக்கு வேலை குறைவு. ஒரு வாரம் உட்கார்ந்தால் ஒன்று கைக்கு வந்துவிடும். வீட்டில் கேட்பவர்களும் "பரவாயில்லையே" என்பார்கள். ஆனால் சீக்கிரம் சலித்துவிடும். எட்டு பார் (தாள அளவு), ரிப்பீட், இன்னொரு எட்டு பார், ரிப்பீட், அவ்வளவுதான். இப்போதெல்லாம் புதுக் கம்பி மாட்டிய பிறகு ட்யூனிங் நிற்கிறதா என்று பார்க்கத்தான் நான் கருல்லியை எடுக்கிறேன். இருந்தாலும் முதல் சில மாசங்களுக்கு அவரை விட்டால் ஆளில்லை.

அதே காலத்து இத்தாலியக் கிட்டார் கலைஞர் மவ்ரோ ஜூலியானியின் ஓப்பஸ் 1-ஐ பீஸ் என்று சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள் அடிக்க வருவார்கள். அதன் முதல் பகுதி வெறும் வலது கைப் பயிற்சி, மொத்தம் 120. இடது கைக்கு ஸி மேஜரும் ஜி செவன்தும் தவிர வேறு கார்டே (பல நோட்டுகள் சேர்ந்த ஒலி) கிடையாது. இடது கையை மறந்துவிட்டு வலது கையை மட்டும் கவனி என்பதுதான் அதன் யோசனை. 120-ஐயும் வரிசையாக வாசித்துத் தீர்க்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். மெட்ரோனோமை மெதுவாக வைத்து, கட்டை விரல் அடிக்கும் பாஸும் மோதிர விரல் அடிக்கும் மேல் நோட்டும் ஒரே பலத்தில் விழுகின்றனவா என்று மட்டும் பார்த்தேன். சில மாசத்தில் மற்ற ஆர்பெஜியோ (கார்டை நோட்டு நோட்டாகப் பிரித்து வாசிக்கும்) பீஸ்கள் எல்லாம் தாமாகவே நிதானப்பட்டன. பக்கத்து அறையில் இருப்பவர்களுக்குத்தான் பாவம், ஸியும் ஜியும் கேட்டுக் காது புளித்துவிடும். இசையாகவே வேண்டும் என்றால் இதே ஆளின் ஓப்பஸ் 50 இருக்கிறது. 'பட்டாம்பூச்சி' என்று தலைப்பு, 32 சின்ன பீஸ்கள். கருல்லியைவிட ஒரு பிடி கலகலப்பு அதிகம்.

அப்புறம் ஃபெர்னாண்டோ சோர். பார்சிலோனாவில் 1778-இல் பிறந்து, 1839-இல் பாரிஸில் இறந்தவர். இத்தனை வருஷத்தில் கொஞ்சமும் சலிக்காமல் நின்றவர் இவர் ஒருவர்தான். கடைசிக் காலத்தில் வெளியிட்ட ஓப்பஸ் 60, மொத்தம் 25 பாடங்கள், ஒற்றை வரி மெலடியில் தொடங்குகிறது. "இதுகூடவா பாடம்?" என்று தோன்றும். ஆனால் அந்த ஒற்றை வரியை இழை அறாமல் வாசிக்கப் பழகினால், பின்னால் வரும் இரண்டு குரல், மூன்று குரல் பாடங்கள் பயமுறுத்துவதில்லை.

சோரிடம் எங்கே சிக்கும் என்று ஒரு உதாரணம். ஸி மேஜரில் ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உலோகக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்) மோதிர விரல் ஸி பாஸைப் பிடித்திருக்கிறது. மேலே மெலடியில் டி நோட்டு வருகிறது, இரண்டாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட். மோதிர விரல் மாட்டிக்கொண்டிருப்பதால் சுண்டு விரல்தான் போக வேண்டும். சுண்டு விரல் கம்பியில் இறங்கிய அதே நொடியில் மோதிர விரல் மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்கிக்கொள்ளும். பாஸ் செத்துவிடும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ வெட்டு வெட்டாக வாசிக்கிற மாதிரி மட்டும் இருக்கும். இதற்கு எனக்கு உதவியது ஒரே வழி: பாஸ் வரியை மட்டும் தனியாக, அது எழுதியிருக்கிற முழு நீளத்துக்கும் வாசிப்பது, பிறகு பாஸை வாயால் முணுமுணுத்துக்கொண்டே மெலடியை வாசிப்பது, கடைசியில்தான் இரண்டையும் சேர்ப்பது. சோரின் சின்ன பாடங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஓப்பஸ் 60 கைக்கு வந்த பிறகு ஓப்பஸ் 31, அதோடு 35. இந்த 35-க்கு சோரே வைத்த தலைப்பு 'மிக எளிய பயிற்சிகள்'. அதில் 22-ஆவது எண், பி மைனரில், இன்றைக்கு உலகம் முழுக்க வாசிக்கப்படுகிறது. இரண்டாவது ஃப்ரெட்டில் பார்ரே (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்துவது) பிடித்துக்கொண்டு, நிற்காமல் ஓடும் குவேவர்களுக்கு (அரை பீட் நோட்டுகள்) நடுவே மேல் மெலடியை மட்டும் தனித்துக் கேட்கச் செய்ய வேண்டும். நோட்டுகளை மனப்பாடம் செய்ய ஒரு வாரம். மெலடியை மிதக்க விட எனக்கு வருஷக்கணக்கில் ஆகிறது, இன்னும் முடியவில்லை. ஆனாலும் ராத்திரி கிட்டாரை எடுத்தால் விரல் முதலில் போவது அங்கேதான். எல்லாரும் எளிது என்கிற பீஸ்களில் உண்மையிலேயே பணத்துக்கும் நேரத்துக்கும் தகுந்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஸ்பெயின் கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா 1945-இல் சோரின் எட்யூடுகளில் (பயிற்சிப் பீஸ்கள்) 20-ஐப் பொறுக்கி வெளியிட்ட தொகுப்பு மிகப் பிரபலம். மேலே சொன்ன பி மைனர் அதில் ஐந்தாவது. தொகுப்பு நல்லதுதான், ஆனால் தொடங்குபவருக்கானது அல்ல. கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கும். ஓப்பஸ் 60, 31, 35 இவற்றை முழுசாக எடுத்து வரிசையாகப் போவது மேல். இத்தாலிய இசையமைப்பாளர் மத்தேயோ கர்காஸியின் ஓப்பஸ் 60-உம் (சோரின் ஓப்பஸ் 60 வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்) அப்படித்தான். 25 எட்யூடுகள், எல்லாம் காதுக்கு இனிமை, ஆனால் இரண்டாம் வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, எல்லாரும் கேட்கும் ரொமான்ஸ். யார் எழுதியது என்று உறுதியில்லாத இந்த ஈ மைனர் பீஸ், 1952-இல் ஒரு பிரெஞ்சுப் படத்துக்காக ஸ்பெயின் கிட்டார் கலைஞர் நார்சிசோ யெப்பெஸ் வாசித்ததில் ஊர் உலகமெல்லாம் பரவியது. முதல் சில பார்களில் முதல் கம்பியில் மட்டும் விரல் நகரும், மற்றவை திறந்த கம்பிகள். அதைப் பார்த்துவிட்டு எளிது என்று எந்தப் பட்டியலிலும் சேர்த்துவிடுகிறார்கள். கொஞ்சம் தள்ளிப் போனால் ஐந்தாம் ஃப்ரெட்டில் பார்ரே, உடனே ஏழாம் ஃப்ரெட்டில் பார்ரே, அங்கிருந்து சுண்டு விரல் பதினொன்றாம் ஃப்ரெட்டுக்கு நீள வேண்டும். இது முதல் பாதியிலேயே. ஈ மேஜரில் வரும் இரண்டாம் பாதி இன்னும் கடுமை. அதனால்தான் நம் ஊரில் ரொமான்ஸ் வாசிப்பவர்களில் அநேகர் முதல் பாதியோடு கிட்டாரைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

ஸ்பெயின் இசையமைப்பாளர் ஃபிரான்சிஸ்கோ தாரேகாவின் லாக்ரிமா இதற்கு எவ்வளவோ நேர்மையானது. ஒரே பக்கம், ஈ மேஜரில் ஒரு பாதி, ஈ மைனரில் ஒரு பாதி. தொடக்கத்தில் முதல் கம்பியும் நான்காம் கம்பியும் ஒன்றாகப் படியேறும், நடுவே திறந்த பி கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும். அந்த முதல் பாரை வாசிக்கும்போதே கிட்டார் விலை கூடிவிட்ட மாதிரி இருக்கும். இதிலும் பார்ரே உண்டு. முதல் வருஷத்தில் தொட வேண்டாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு திகட்டும்போது கியூபா இசையமைப்பாளர் லியோ பிரவுவர். அவருடைய எளிய எட்யூடுகள் மொத்தம் 20, நாலு புத்தகம். முதல் எட்யூடில் கட்டை விரல் பாஸில் மெலடி அடிக்கும், மேல் கம்பிகள் பதில் சொல்லும். இரண்டாவது மெதுவான கோரல் (தேவாலயப் பாட்டு மாதிரி கார்டு கார்டாக நகர்வது), பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், கார்டின் நோட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழ வேண்டும் என்பதுதான் சவால். ஆறாவதில் வலது கை ஒரே ஆர்பெஜியோவைச் சுற்றிக்கொண்டிருக்க, இடது கை நகர்ந்து நகர்ந்து விசித்திரமான ஒலிகளைக் கொண்டுவரும். ஜூலியானியில் உழைத்தவர்களுக்கு இது உடனே வரும். சோருக்கு அடுத்து எனக்குச் சலிக்காதது இதுதான்.

கிரேடு தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டன் டிரினிட்டி காலேஜின் தேர்வில் மூன்று பீஸ்கள் வாசித்தால் போதும் என்பதால், வருஷம் முழுக்க அந்த மூன்றை மட்டுமே தேய்க்க வைக்கும் வகுப்புகள் உண்டு. நான் போன ஒரு வகுப்பும் அப்படித்தான். சான்றிதழ் வரும், புது நோட்டேஷனைப் பார்த்து வாசிக்கத்தான் வராது. தேர்வு பீஸ்களோடு ஓப்பஸ் 60-இலிருந்து வாரம் ஒன்றாவது புரட்டிக்கொண்டே இருங்கள்.

நகம் வளர்ப்பதா வேண்டாமா என்பது பழைய சண்டை. சோர் நகமில்லாமல் வாசித்தார், அவருடைய நண்பர் டியோனிசியோ அகுவாதோ நகத்தோடு. இருவரும் சேர்ந்து வாசிக்கவென்றே சோர் 'இரு நண்பர்கள்' என்று ஒரு டூயட்டும் எழுதினார். கையால் சோறு பிசைந்து சாப்பிடுகிற நமக்கு வலது கை நகம் ஒரு தொல்லைதான். நான் விரல் நுனியைத் தாண்டி லேசாகத் தெரிகிற அளவுக்கு மட்டும் விட்டு, மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துக்கொள்கிறேன். சோரின் மெதுவான பாடங்களுக்கு அது தாராளம்.

பிரவுவரைத் தவிர மேலே சொன்ன இசையமைப்பாளர்கள் எல்லாருடைய நோட்டேஷனும் ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிரவுவரைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பழைய பதிப்புகளின் ஸ்கேனில் விரல் எண்கள் குறைவாக இருக்கும், நீங்களே பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். சாதா ஏ4 தாளில் எடுத்தால் நோட்டுகள் பொடியாக விழும். நாற்பது தாண்டியவர்கள் ஜெராக்ஸ் கடையில் சொல்லி ஏ3-இல் எடுத்துக்கொள்வது நல்லது.