லெகோ கிட்டா, ஆர்டுயினோவா: எங்கள் மேலூர் அணி எடுத்த முடிவு

எங்கள் பள்ளியில் ஐந்து பிள்ளைகள் சேர்ந்து லைன் ஃபாலோயர் ரோபோ, அதாவது தரையில் போட்ட கோட்டைப் பின்பற்றி ஓடும் வண்டி, செய்யக் கிளம்பியபோது முதல் கேள்வியே இதுதான். எல்லாப் பாகமும் சேர்ந்தே வரும் லெகோ ஸ்பைக் பிரைம் என்ற ரோபோ கிட் வாங்குவதா, ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் போர்டை வைத்து உதிரியாகச் சேர்ப்பதா? ஆர்டுயினோவை எடுத்தோம். அணிக்கு வழிகாட்டிய ஆசிரியராக இன்றும் நான் அந்தப் பக்கம்தான்.

லெகோ விலை பல மடங்கு அதிகம். புரோகிராம் எழுத அதுவே எளிது. இரண்டும் தெரிந்த விஷயம்.

லெகோவின் உண்மையான பலம் மோட்டாரில் இருக்கிறது. சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று அந்த மோட்டாரே எண்ணிச் சொல்லும். நாங்கள் வாங்கிய பிஓ என்ற சாதாரண மஞ்சள் மோட்டாரில் அது கிடையாது. இரண்டு மோட்டாருக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் பிடபிள்யூஎம் எண்ணை ஒன்றாகவே கொடுத்தும் வண்டி இடப்பக்கமே இழுத்தது. இடதுக்கு 162, வலதுக்கு 150 என்று மாற்றி மாற்றி நேராக்கினோம். பேட்டரி இறங்கியதும் மறுபடி இழுத்தது. கோட்டைப் பார்த்துத் திருத்திக்கொண்டே போகும் ரோபோ என்பதால் சமாளித்தோம். கோடில்லாத களத்தில் அளந்து ஓட வேண்டுமென்றால் லெகோ நல்லது. ஆனால் ஸ்பைக் பிரைமை ஒரு வாரம்தான் இரவல் வாங்கிப் பார்த்தேன், அந்த அளவுக்குத்தான் சொல்ல முடியும்.

ஊனோவுக்குப் பதிலாக இஎஸ்பி32 என்ற போர்டையும் சிலர் சொன்னார்கள். வைஃபை உண்டு, வேகமும் அதிகம். ஆனால் அது 3.3 வோல்ட் போர்டு. தூரத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் அனுப்பும் 5 வோல்ட்டை ரெசிஸ்டர் போட்டுக் குறைக்க வேண்டும். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

சரி, என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது பழுது. போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு மாணவி அவசரத்தில் பேட்டரி வயரைத் தலைகீழாக மாட்டிவிட்டாள். மோட்டாருக்கு மின்சாரத்தைக் கொடுத்து ஓட்டும் எல்298என் மோட்டார் டிரைவர் போர்டு புகைந்தது. பிள்ளை அழுதே விட்டாள். ஊனோவுக்குத் தனி பேட்டரி கொடுத்திருந்ததால் அது தப்பியது. மறுநாள் காலை மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கி, பெரியார் பஸ் மாறி, டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் 150 ரூபாய்க்குப் புது டிரைவர் வாங்கினோம். மாலைக்குள் ரோபோ ஓடியது.

லெகோவில் டிரைவர், கணினி, திரும்புவதை உணரும் ஜைரோ எல்லாம் ஒரே பெட்டிக்குள். வயரைத் தலைகீழாக மாட்டவே முடியாது, அது நல்லதுதான். ஆனால் உள்ளே ஒன்று போனால் பெட்டியையே மாற்ற வேண்டும். 1998-இல் வந்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ கிட் வரிசை 2022 முடிவில் நிறுத்தப்பட்டதையும் யோசித்தேன். பள்ளிக்கு வாங்குவது பல ஆண்டு உழைக்க வேண்டுமே. ஆர்டுயினோவின் சர்க்யூட் வரைபடம் எல்லோருக்கும் திறந்தது. ஒருவர் நிறுத்தினாலும் இன்னொருவர் செய்து விற்பார்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஊனோவின் ஆர்3 பதிப்பில் சிப்பைச் சாக்கெட்டில் செருகிய வகையும் உண்டு, போர்டிலேயே பற்றவைத்த சின்ன சிப் வகையும் உண்டு. முதல் வகையை வாங்குங்கள்; சிப் போனால் பூட்லோடர் (நம் புரோகிராமை ஏற்ற உதவும் சின்ன மென்பொருள்) ஏற்றிய ஏடிமெகா328பி சிப் ஒன்றை வாங்கிச் செருகினால் போதும். அப்புறம், பேட்டரிக்கு ஒரு பக்கமாக மட்டுமே நுழையும் கனெக்டர் போடுங்கள். அந்த மாணவியே எங்கள் ரோபோவுக்கு அதைப் பற்றவைத்தாள்.