காரைக்குடியில் குதிரைக்கு லத்தி பார்த்து மருந்து தரும் கிளினிக்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் வண்டிக்கோ பந்தயத்துக்கோ குதிரை வைத்திருப்பவர்கள் அடுத்த புழு மருந்து வாங்கும் முன் இங்கே ஒரு தடவை போய் வாருங்கள். நாங்கள் காட்டும் இந்தக் கால்நடை கிளினிக்கில் முதலில் லத்தியை, அதாவது குதிரைச் சாணத்தைத்தான் கேட்கிறார்கள், மருந்தெல்லாம் அப்புறம்.

மற்ற இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்தை ஊற்றுங்கள் என்பதோடு சரி. குதிரைக் குடலில் அதிகம் இருக்கும் சிறு ஸ்ட்ராங்கைல் புழுக்கள் பல நாடுகளில் அந்த வகை மருந்துக்கு அடங்குவதே இல்லை.

இங்கே டாக்டர் லத்தியை உப்புக் கரைசலில் கலக்கி, மிதந்து வரும் புழு முட்டைகளைக் கட்டம் போட்ட கண்ணாடியில் மைக்ராஸ்கோப் வழியாக எண்ணி, ஒரு கிராமுக்கு எத்தனை என்று சொல்கிறார். ஒரே லாயத்தில் ஒரே புல் தின்னும் எங்கள் இரண்டு குதிரைகளில் ஒன்றுக்கு 200க்கும் கீழே, இன்னொன்றுக்கு 900. குறைவாக இருந்ததற்கு மருந்தே வேண்டாம் என்றுவிட்டார். பெரும்பாலான முட்டைகள் சில குதிரைகளின் லத்தியில்தான் வருகின்றன, எல்லாவற்றுக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தால் மருந்துக்கு மசியாத புழுதான் மிஞ்சும் என்று பொறுமையாக விளக்கினார்.

இன்னொன்றுக்கு ஐவர்மெக்டின் என்ற வேறு வகைப் புழு மருந்து, பேஸ்ட்டாக. சிரிஞ்சில் குதிரையின் எடைக்கு ஏற்ப 600 கிலோ வரை கோடு இருக்கிறது, நம் வண்டிக் குதிரைகளோ அதில் பாதிதான் தேறும். அதனால் மார்புச் சுற்றளவையும் உடல் நீளத்தையும் டேப்பால் அளந்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்து எடை கண்டுபிடித்து (அளவெல்லாம் சென்டிமீட்டரில்) அந்த எடைக்கான கோட்டுக்குச் சிரிஞ்சின் வளையத்தை நகர்த்திக் கொடுத்தார். 14 நாள் கழித்து மறுபடியும் லத்தி கொண்டுபோக வேண்டும், மருந்து வேலை செய்ததா என்பது அப்போதுதான் தெரியும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார், போட்ட இடத்தில் வீங்கிச் சீழ் வைக்கக்கூடும்.

குறை என்றால், சீட்டில் எண்ணை மட்டும் எழுதித் தருகிறார்கள், விளக்கம் நாமாகக் கேட்டால்தான் கிடைக்கும். நாடாப்புழுவும் குடல் சுவருக்குள் ஒளிந்திருக்கும் இளம்புழுவும் இந்தச் சோதனையில் சரியாகத் தெரியாது என்பதையும் நான் கேட்ட பிறகே சொன்னார்கள். குட்டி இருந்தால் தனியாகக் கேளுங்கள், அதற்கு வரும் உருண்டைப் புழுவுக்குப் பல இடங்களில் ஐவர்மெக்டின் வேலை செய்வதில்லை.

காலையில் போட்ட புது லத்தியைக் காற்றுப் புகாமல் கவரில் கட்டி, வெயில் படாமல் கொண்டுபோங்கள். மதியத்துக்கு மேல் போனால் வாங்க மாட்டார்கள்.