நாலு வருஷத் தோசைக்கல், குன்னூரிலிருந்து

எதிர்வீட்டு அக்கா நேற்று வந்து, "வார்ப்பிரும்புக் கல் வாங்கலாம்னு இருக்கேன், உன்னோடது எப்படி?" என்றார். கேட்ட நேரம் சரியில்லை. கல்லின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு படர்ந்திருந்ததைப் பார்த்து அப்போதுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

குன்னூருக்குத் தென்மேற்குச் சாரலும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. ஜன்னலைத் திறந்தால் மேகம் அடுப்படிக்குள் வந்துவிடும். உப்பு ஜாடியே கசிகிற ஊரில் இரும்பு என்ன செய்யும்? மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் தங்கச்சியும் நானும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய கல். அவளுடையது அங்கே ஆணியில் சும்மா தொங்குகிறது, பொட்டுத் துரு கிடையாது.

நான் பார்க்காத வைத்தியம் இல்லை. பேப்பரில் சுற்றிப் பரணில் வைத்தேன். பேப்பர் ஈரத்தை இழுத்துக் கல்லுக்கே கொடுத்தது. நல்லெண்ணெயைத் தாராளமாகப் பூசினேன். பிசுக்கும் காறல் வாடையும்தான் மிச்சம். இப்போது கழுவித் துடைத்ததும் அடுப்பிலேற்றி நன்றாகக் காயவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, தடவியதையும் துடைத்தெடுத்து விடுகிறேன். மெல்லிசாக இருந்தால்தான் சூட்டில் இறுகிக் கறுப்புப் படலமாகும். பிறகு கல் ஓடிஜிக்குள், அதாவது கேக் சுடும் கரண்ட் ஓவனுக்குள் போகும். வீட்டில் ஈரம் அண்டாத ஒரே இடம். ஒருதடவை மறந்துபோய் அதோடு ஓவனைச் சூடாக்கிவிட்டேன். அன்றைய கேக்கில் வெங்காய வாடை. (மடித்த விளிம்பில் தண்ணீர் தங்கித் தங்கி, பழைய இரும்புக் கேக் டின்னும் துருப்பிடித்துப் போயிற்று. இப்போது அலுமினியம்தான். நிம்மதி.)

அதையும் மீறித் துரு எப்படி என்றால், போன வாரம் வந்த மாமியார், "கல்லு இப்படிக் கரியா கிடக்கே" என்று புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டார். நாலு வருஷம் பழக்கிய படலம், பத்து நிமிஷம். அவரிடம் என்ன சொல்ல முடியும்?

குறையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மார்கழிக் காலையில் மெல்லிசான நான்ஸ்டிக் தவாவில் குளிர்ந்த மாவை ஊற்றினால் சூடு சட்டென்று இறங்கி, தோசை வெளிறிப்போகும். இந்தக் கல் அசராது. அடுப்பை அணைத்த பிறகும் கடைசித் தோசை ஓரம் முறுகி வரும். தோசை முடிந்ததும் பையன் கல்லுக்கு மேலே கையை நீட்டிக் குளிர்காய்வான். வேறு எந்தப் பாத்திரமும் இங்கே அந்தச் சுகத்தைக் கொடுத்ததில்லை.

இருந்தாலும் அக்காவிடம், "வாங்காதீங்கக்கா" என்றுதான் சொன்னேன். தை மாசம் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பேனோ என்னவோ. "அப்போ உன்னோடதை எனக்குக் கொடுத்துடேன்" என்றார். பேச்சை மாற்றி, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்க்க ஆரம்பித்தேன்.