ஏ.டி.வி. பிரேக்கில் ஏர் எடுக்க எது சரி: லீவரா, வேக்குவம் பம்பா, சிரிஞ்சா?

மண்ணிலும் சேற்றிலும் ஓடும் நாலு சக்கர வண்டியான ஏ.டி.வி.யைச் சிங்கப்பூரில் சாலையில் ஓட்ட முடியாது. அதனால் ஆசைப்பட்டு வாங்கும் நம்மவர்கள் வண்டியை ஜொகூர் பக்கம், கோத்தா திங்கியிலோ கூலாயிலோ செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவைத்து, வாரக் கடைசியில் பாலம் தாண்டிப் போய் ஓட்டுகிறார்கள். பிரேக் தகராறு செய்தால் சாமான் வாங்குவது இங்கே, காக்கி புக்கிட், ஊபி பக்கத்து மோட்டார் சைக்கிள் கடைகளில். வேலை நடப்பது அங்கே, கம்ப்ரசர் இல்லாத கொட்டகையில், செம்மண் அப்பிய வண்டியில். பிரேக் ஆயில் லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, அங்கே எந்த முறை கைகொடுக்கும் என்பதுதான் கேள்வி. என் ஓட்டு சிரிஞ்சுக்கு. ஆனால் அதை எல்லா நேரமும் முதலில் எடுக்கக் கூடாது.

அதற்கு முன்னால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரேக் பிடிக்கவில்லை என்றதும் "ஏர் எடுத்துடு தம்பி" என்பார்கள். கோளாறு எல்லாமே காற்று இல்லை. லீவரை அழுத்தும்போது பஞ்சு போல அமுங்கி, மளமளவென்று நாலைந்து முறை அடித்தால் கெட்டிப்பட்டால், அது காற்று. கெட்டியாக நின்ற லீவர், அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல ஹாண்டில் பக்கம் இறங்கினால், எங்கோ கசிகிறது. வெளியே ஈரமே தெரியாவிட்டால், லீவரை ஒட்டி நின்று ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் சீல் தேய்ந்து, ஆயில் அதைத் தாண்டிப் பின்னால் போகிறது. லீவர் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், டிஸ்க்கைக் கவ்வும் பேடைப் பாருங்கள்: எண்ணெய் பட்டிருக்கும், பளபளவென்று இறுகியிருக்கும், இல்லையேல் சேறு காய்ந்து, பேடை அழுத்தும் காலிப்பர் நகர உதவும் ஸ்லைட் பின் சிக்கியிருக்கும். இந்த மூன்றில் முதலாவதற்கு மட்டுமே கீழே சொல்லும் முறைகள் மருந்து.

லீவர் விட்ட பிறகும் சக்கரம் இறுக்கிப் பிடித்திருப்பது இன்னொரு வகை. மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் தொட்டிக்கு அடியில் ஊசி முனை அளவு துளை ஒன்று உண்டு. லீவரை விட்டதும் ஆயில் அதன் வழியேதான் தொட்டிக்குத் திரும்பும். அழுக்கு அடைத்தால் அழுத்தம் இறங்காது. காலிப்பரில் ஆயிலும் காற்றும் வெளியேறத் திறக்கும் சின்னத் திருகான நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டால் சந்தேகம் அந்தத் துளை மீதும், உள்ளே வீங்கிப்போன பழைய ரப்பர் ஹோஸ் மீதும் போக வேண்டும். நிப்பிளைத் தளர்த்தியும் விடுபடாவிட்டால் காலிப்பரின் பிஸ்டனோ ஸ்லைட் பின்னோ சிக்கியிருக்கிறது.

இனி முறைகள். லீவர் அடித்து எடுப்பது எல்லோருக்கும் தெரிந்தது. அழுத்து, நிப்பிளைத் திற, மூடு, விடு. செலவு ஒரு ஸ்பேனரும் தெளிவான டியூபும் மட்டுமே. பழைய ஆயிலை மாற்ற இதை விடச் சுத்தமான வழி எனக்குத் தெரியாது. அழுக்கு, அது போக வேண்டிய திசையிலேயே, கீழ்நோக்கி வெளியேறுகிறது. குறை இரண்டு. காலிப்பரைக் கழற்றி மாட்டி, லைன் முழுக்கக் காலியாக இருந்தால் மணிக்கணக்கில் அடித்தாலும் லீவர் கெட்டிப்படாது. ஒவ்வோர் அடிக்கும் நகரும் ஆயில் அவ்வளவு கொஞ்சம், குமிழோ மேலே ஏறப் பார்க்கிறது. அடுத்தது, நாள்பட்ட மாஸ்டர் சிலிண்டரில் லீவரை முழுசாக அழுத்தினால், சீல் வழக்கமாகப் போகாத ஆழத்துக்குப் போய், அங்கே படிந்திருக்கும் கசடில் உரசிக் கிழியலாம். லீவருக்கும் ஹாண்டிலுக்கும் நடுவே ஒரு மரத்துண்டு வைத்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

வேக்குவம் பம்புதான் அதிகம் புகழப்படுகிறது, புகழுக்கு ஏற்ற வேலை செய்வதில்லை. தனியாளாகச் செய்யலாம், லீவரைத் தொட வேண்டாம், வேகமாக இழுக்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் டியூபை உற்றுப் பாருங்கள்: பொடிப் பொடியாகக் குமிழ் வந்துகொண்டே இருக்கும், நிற்கவே நிற்காது. அது பிரேக்குக்குள் இருந்த காற்று இல்லை. தளர்த்திய நிப்பிளின் மரையைச் சுற்றி வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. ஏர் முடிந்ததா இல்லையா என்று கண்ணால் தீர்மானிக்கும் வசதியே போய்விடுகிறது. பிரேக் சீலுக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸை மரையின் மேல் பாகத்தில் மட்டும் தடவினால் ஓரளவு குறையும். சேற்றில் ஊறி மரை தேய்ந்த ஏ.டி.வி.க்கு அதுவும் போதாது.

சிரிஞ்சு முறை தலைகீழ். காலிப்பர் நிப்பிளில் டியூபை இறுக்கமாக மாட்டி, புது ஆயிலைக் கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளுகிறோம். காற்று தானாகவே மேலே போகும் பொருள். நாம் அதற்குத் துணை போகிறோம், அவ்வளவுதான். சட்டத்தோடு வளைந்து ஏறி இறங்கும் நீண்ட பின்பக்க லைனில் இதன் பலன் நன்றாகத் தெரியும்: தொட்டியில் பெரிய குமிழ் "பொளக்" என்று வெளிவரும். சிரிஞ்சில் முதலில் இருக்கும் காற்றைத் தள்ளிவிட்டு மாட்ட வேண்டும். தொட்டி வழியாமல் அவ்வப்போது உறிஞ்சி எடுக்க வேண்டும், பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். இதன் ஒரே பெரிய குற்றம், காலிப்பரில் கிடக்கும் கசடையும் சேர்த்து மேலே அந்தச் சின்னத் துளைக்கு அனுப்பிவிடும் என்பது. ஆகவே லைனில் பழைய ஆயில் இருந்தால் முதலில் லீவர் அடித்து அதை வெளியேற்றுங்கள், பிறகு சிரிஞ்சு. லைன் காலி, காலிப்பரும் சுத்தம் என்றால் நேரே சிரிஞ்சு. கடைசியில் நாலு முறை லீவர் அடித்து முடிக்கலாம்.

எந்த முறையானாலும் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். இடம் வலம் மாற்றி மாட்டி நிப்பிள் கீழே பார்த்தால் எந்தப் பம்பும் உதவாது. ஹாண்டிலைத் திருப்பி ஆயில் தொட்டி சமமாக நிற்கும்படி வையுங்கள்.

ஆயிலில் அதிகம் யோசிக்க வேண்டாம்: தொட்டி மூடியில் எழுதியிருக்கும் டாட் என்ற தர எண்ணே சட்டம். டாட் 4 புதிதாகக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155. டாட் 5.1-க்கு 260, 180. டாட் 5 சிலிக்கான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்டோர் ரூமில் திறந்து வைத்த பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். சின்ன பாட்டில் வாங்கி, மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு வைக்காதீர்கள். தொட்டியில் ஆயில் குறைந்திருந்தால் ஊற்றுவதற்கு முன் பேட் தடிமனைப் பாருங்கள்; பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு.

முடித்ததும் லீவரை ஒரு நிமிஷம் முழு பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள், எல்லா நிப்பிளையும் ஹோஸ் இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி காய்ந்திருந்து லீவரும் இறங்காவிட்டால், சமதரையில் நடை வேகத்தில் முன்னும் பின்னும் தனித்தனியே பிடித்துப் பார்த்த பிறகே தோட்டத்துச் சரிவில் இறக்குங்கள்.