கடைசல் வேலைக்கு வெளிநாட்டு மரம் – செங்குன்றம் பக்கத்து மரக்கடை, என் அனுபவம்

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். வீட்டுல சின்ன லேத் போட்டுக்கிட்டு பேனா, கிண்ணம், பம்பரம்னு கடையறவங்க நம்ம ஊர்ல இப்ப கொஞ்சம் பேர் இருக்கோம், எல்லாருக்கும் இருக்கற தலைவலி ஒண்ணுதான், மரம். தேக்கு, வேம்பு, மா, பூவரசு எங்க வேணா கிடைச்சிடும். பர்ப்பிள்ஹார்ட் இருக்கா, படாக் இருக்கா, ஆப்பிரிக்கன் பிளாக்வுட் இருக்கானு டிப்போவுல போய் கேட்டா "எத்தனை கன அடி?"னு கேப்பாங்க. நமக்கு வேண்டியது அஞ்சு இஞ்ச் நீளத்துல முக்கா இஞ்ச் சதுரக் கட்டை பத்து.

முதல்ல ஏமாந்த கதையை சொல்லிடறேன், அப்பதான் இந்தக் கடையை நான் ஏன் இவ்வளவு தூக்கி வெச்சு பேசறேன்னு புரியும். போன வருஷம் ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட எபனினு, அதாவது கருங்காலி வகை கறுப்பு மரம்னு, நாலு பேனா கட்டை வாங்கினேன். கருங்காலி மாலை மோகம் வந்ததுல இருந்து நம்ம ஊர்ல கறுப்பா இருக்கறதெல்லாம் கருங்காலிதான், ஆனா போட்டோல பளபளன்னு இருந்துச்சு, நம்பி பணம் போட்டேன். லேத்துல ஏத்தி நாலு மூலையும் போய் உருண்டையா வந்ததும் கையெல்லாம் மை, வேர்வை பட்ட இடத்துல எல்லாம் கறுப்பு இறங்குது. இன்னும் ரெண்டு மில்லிமீட்டர் உள்ள போனேன், உள்ள வெளுத்த மஞ்சளா ஏதோ ஒரு லேசான கட்டை. நாலும் சாயம் போட்ட கட்டை. அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு பேனா செஞ்சு கொடுக்கணும்னு வாங்கினது, அன்னைக்கு வெறுங்கையோட நின்னேன். இன்னும் ஆறல.

அதுக்கப்புறம் ஒரு ஆசாரி அண்ணன் சொல்லித்தான் இந்தக் கடைக்குப் போனேன். செங்குன்றம் ரோட்டுல இருந்து உள்ள போற சந்துல ஒரு பழைய ஸா மில், அதுக்குப் பின்னாடி தகர ஷெட். வாசல்ல பேர்ப்பலகை கூட கிடையாது. நடத்தறவரு அறுபது வயசு தாண்டின ஐயா, கூட அவரு பையன். பெரிய லாட்டா இறக்குமதி பண்ற டிப்போக்காரங்ககிட்ட இருந்து மிச்சக் கட்டை, துண்டு, ஓரம் எல்லாம் எடுத்து நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஏத்த அளவுல அறுத்து, முனையில மெழுகு பூசி அடுக்கி வெச்சிருக்காங்க. ஒவ்வொரு கட்டையிலயும் சாக்பீஸ்ல மரத்து பேரு, அறுத்த மாசம், எடை. இந்த எடை எதுக்குனு அப்புறம் சொல்றேன்.

முதல் தடவை போனப்ப நான் எபனி கதையை சொன்னதும் ஐயா ஒண்ணும் பேசல, உள்ள போய் ஒரு ஆப்பிரிக்கன் பிளாக்வுட் கட்டையும் அதே அளவுல ஒரு தேக்குக் கட்டையும் எடுத்துட்டு வந்து என் ரெண்டு கையிலயும் வெச்சாரு. தராசுல போட்டா தேக்கு 30 கிராம், பிளாக்வுட் 58. "தம்பி, கண்ணு ஏமாத்தும், எடை ஏமாத்தாது"ன்னாரு. பக்கெட்டு தண்ணில போட்டாரு, தேக்கு மிதந்துச்சு, பிளாக்வுட் நேரா அடிக்குப் போச்சு. அப்புறம் முனையை பிளேடால ஒரு சீவு சீவி லென்ஸ் வெச்சு பாக்க சொன்னாரு, உள்ள வரைக்கும் ஒரே கறுப்பு, நடுவுல நடுவுல கத்திரிப்பூ மாதிரி லேசா ஊதா ரேகை. தான்சானியா, மொசாம்பிக் பக்கத்து மரம் அது, கிளாரினெட், ஓபோ மாதிரி ஊதற வாத்தியமெல்லாம் இதுல பண்றாங்க, நம்ம நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம் எப்படியோ அப்படி. நாதஸ்வரம் செய்யற நரசிங்கம்பேட்டையில பழைய வீட்டுல இருந்து எடுத்த ஆச்சாவைத்தான் தேடுவாங்கனு அவரே சொன்னாரு, பல வருஷம் காஞ்ச கட்டை இனி சுருங்காது, நெளியாதுங்கறதுதான் காரணம்.

கெட்டித்தனத்துக்கு ஜங்கானு ஒரு கணக்கு இருக்கு. 11.28 மில்லிமீட்டர் விட்டம் இருக்கற இரும்புக் குண்டு பாதி வரைக்கும் மரத்துக்குள்ள இறங்கற மாதிரி அமுக்க எத்தனை பவுண்ட் விசை வேணும்ங்கறதுதான் அது. தேக்கு ஆயிரத்துச் சொச்சம், பர்ப்பிள்ஹார்ட் 2500 பக்கம், பிளாக்வுட் 3600க்கு மேல. அதனால உளி சாணை புடிக்காம இந்த மரத்துகிட்ட போகவே போகாதீங்க, கட்டை சூடேறி வெடிச்சிடும். நான் ஒரு பேனாவுக்கு நாலு தடவை சாணை புடிச்சேன். ஆனா சுருள் வர்ற அழகு இருக்கே, அதுக்காக எத்தனை தடவை வேணா புடிக்கலாம்.

பர்ப்பிள்ஹார்ட் வாங்கறவங்க பயந்துடாதீங்க. அறுத்த உடனே ஒரு மங்கின பழுப்பாதான் இருக்கும், ஏமாத்திட்டாங்கனுதான் தோணும். ரெண்டு மூணு நாள் வெளிச்சத்துல வெச்சா நாவப்பழ கலருக்கு வரும். ஆனா வெயில்லயே போட்டு வெச்சா காலப்போக்குல திரும்ப பழுப்புக்குப் போயிடும், இதை விக்கும்போதே அந்தப் பையன் சொல்லிட்டான். படாக்கும் அப்படித்தான், இன்னைக்கு செங்கல் ஆரஞ்சு, போகப் போக காப்பிக்கொட்டை நிறம். விக்கறவங்க சாதாரணமா இதெல்லாம் சொல்ல மாட்டாங்க. படாக் நம்ம வேங்கைக்கும் செம்மரத்துக்கும் சொந்தக்கார மரம்னு சொல்லி, ஐயா ஒரு டம்ளர் தண்ணில வேங்கைச் சீவலை போட்டு வெயில்ல தூக்கிக் காமிச்சாரு, ஓரமெல்லாம் நீலமா அடிச்சது. அரை மணி நேரம் அங்கயே நின்னு பாத்துட்டு இருந்தேன்.

பில், அனுமதிப் பேப்பர் விஷயத்துல ரொம்ப கண்டிப்பு, எனக்கு இந்தக் கடையில பிடிச்சதே அதுதான். ஈட்டி, கோகோபோலோ, பிளாக்வுட்னு டால்பெர்ஜியா இனம் கிட்டத்தட்ட மொத்தமும் 2017 ஜனவரியில இருந்து சைட்டிஸ் (அழியற நிலையில இருக்கற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியல்ல இருக்கு, ஏத்துமதி பண்ற நாட்டு அனுமதி இல்லாம எல்லை தாண்டக் கூடாது. ஆப்பிரிக்க படாக்கையும் 2022 மாநாட்டுல சேத்துட்டாங்க. எந்த லாட்டுல இருந்து வந்துச்சுனு பில்லுல எழுதித் தர்றாங்க. நான் இருக்கும்போதே ஒருத்தர் கார்ல செம்மரத் துண்டு கொண்டு வந்து விலை கேட்டாரு, ஐயா கையால கூட தொடல, பில் இருந்தா பேசுங்க இல்லன்னா வண்டிய எடுங்கன்னுட்டாரு. காட்டுல வெட்டின திருட்டு மரம் கலந்துச்சுனா அப்புறம் நாம செய்யற ஒரு கிண்ணமும் சுத்தம் இல்ல, இதை நான் மனசார நம்பறேன்.

விலை சொல்லிடறேன். நான் வாங்கினப்ப பர்ப்பிள்ஹார்ட் பேனா கட்டை 140, பிளாக்வுட் 450, எட்டு இஞ்ச் அகலம் மூணு இஞ்ச் கனத்துல படாக் கிண்ணக் கட்டை 1,900. ஆன்லைனை விட கொஞ்சம் ஜாஸ்தி. ஓரத்துல ஒரு டிரம் இருக்கும், துண்டு துணுக்கு கிலோ கணக்கு, மோதிரம், பம்பரம் பண்றவங்க அதை விட்டுடாதீங்க.

குறை இல்லாம இல்ல. போன் எடுக்கவே மாட்டாங்க, வாட்ஸ்அப்ல கேட்டா ராத்திரி பத்து மணிக்கு பதில் வரும். கூரியர் பேக்கிங் சுமார், எனக்கு வந்த ஒரு வெங்கே (ஆப்பிரிக்க மரம், நம்ம வேங்கை இல்ல) கட்டையில மெழுகு உரிஞ்சு முனையில மயிரிழை வெடிப்பு, போட்டோ அனுப்பினேன், அடுத்த ஆர்டர்ல வேற வெச்சு அனுப்பிட்டாங்க. முடிஞ்சா நேர்லயே போங்க. இன்னொண்ணு, தூசு. கோகோபோலோ தூள் சில பேருக்கு தோல்ல தடிப்பு தடிப்பா கிளப்பிடும், முகத்துல சரியான மாஸ்க் இல்லாம இழைக்காதீங்க.

எடை எதுக்குனு சொன்னேன்ல. அந்த படாக் கட்டை முழுசா காயாதது, அதை விக்கும்போதே சொல்லிட்டாரு. "இப்ப முழுசா கடையாதீங்க தம்பி, ஓரத்தை முக்கா இஞ்ச் கனமா விட்டு முரடா கடைஞ்சு வெச்சிடுங்க, வாரம் ஒரு தடவை சமையக்கட்டு தராசுல போடுங்க, எடை எப்ப இறங்கறது நிக்குதோ அப்பதான் மரம் தயார்." அப்படியே பண்ணேன், வெளியில மெழுகு தடவி பேப்பர் பையில கட்டி பரண் மேல வெச்சேன். கடைஞ்ச அன்னைக்கு 748 கிராம். நாலு மாசமா சுவத்துல பென்சிலால எழுதிட்டே வர்றேன். போன மூணு வாரமா 671லயே நிக்குது. கிண்ணம் லேசா முட்டை வடிவத்துக்கு நெளிஞ்சிருக்கு, அந்த நெளிவை எடுக்கத்தான் முக்கா இஞ்ச் விட்டது. ஞாயித்துக்கிழமை மறுபடியும் லேத்துல ஏத்தறேன்.