சி டிரைவ் சிவப்புக் கோட்டைத் தொட்டால்: விஸ்ட்ரீயும் விண்டோஸின் சொந்தக் கருவிகளும், நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

256 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 238 ஜிபி என்றுதான் தெரியும். கணக்கிடும் முறை வேறு, அவ்வளவுதான், யாரும் திருடவில்லை. காலியிடம் பத்து சதவீதத்துக்குக் கீழே போனதும் 'திஸ் பிசி'யில் டிரைவின் கீழுள்ள கோடு சிவக்கும். உடனே ஏதாவதொரு 'கிளீனர்' மென்பொருளைத் தேடி ஓடத் தேவையில்லை. இடத்தை எது தின்கிறது என்று முதலில் பாருங்கள்.

அதற்கு விஸ்ட்ரீ என்ற, எந்தக் கோப்பு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் மென்பொருள் போதும். ஃபோல்டர் ஃபோல்டராக நுழையாமல், விண்டோஸின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் வைத்திருக்கும் கோப்புப் பட்டியலையே நேராகப் படிப்பதால் சில நொடிகளில் முடித்துவிடும். அட்மினாகத் திறக்காவிட்டால் இந்த வேகம் கிடைக்காது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம், அலுவலகத்துக்கு உரிமம் வாங்க வேண்டும்.

பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது ஹைபர்ஃபில் கோப்பு: ஹைபர்னேட்டில், அதாவது திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு கணினி அணையும்போது, ரேமில் இருப்பதை வைக்கும் இடம். வழக்கமாக ரேமில் 40 சதவீதம். 16 ஜிபி ரேம் என்றால் 6.4 ஜிபி. ஹைபர்னேட் பயன்படுத்தாதவர்கள் அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஹெச் ஆஃப்' (powercfg /h off) கொடுத்தால் கோப்பு போய்விடும். கூடவே கணினியை வேகமாகத் துவக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போகும். எஸ்எஸ்டியில் அது பெரிதாகத் தெரியாது, பழைய ஹார்ட் டிஸ்க்கில் தெரியும்.

விண்டோஸின் சொந்தக் கருவியான டிஸ்க் கிளீனப்பில் பலர் 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' பொத்தானை அழுத்துவதே இல்லை. பழைய அப்டேட் குப்பையும், முந்தைய விண்டோஸின் கோப்புகளான விண்டோஸ்.ஓல்டும் அதற்குப் பிறகுதான் பட்டியலில் வரும். விண்டோஸ்.ஓல்டை அழித்தால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது; பத்து நாள் பொறுத்தால் விண்டோஸே அழித்துவிடும். பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' இருந்தால் டிக்கை எடுத்துவிடுங்கள். இங்கே அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது.

விண்டோஸ் தன் பாகங்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரைக் கையால் தொடவே கூடாது. ஹார்ட் லிங்க்குகளால் ஒரே கோப்பு இரு இடத்தில் எண்ணப்படுவதால், எக்ஸ்ப்ளோரரில் அது இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. விண்டோஸின் அமைப்பு விவரங்கள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துடைக்கும் கிளீனர்களால் மிச்சமாகும் இடம் சொற்பம், கெடக்கூடியது அதிகம்.

டிஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும். எஸ்எஸ்டிக்கு விண்டோஸின் 'ஆப்டிமைஸ்', எந்த இடம் இனி தேவையில்லை என்று சொல்லும் ட்ரிம் கட்டளையை அனுப்பும், அது போதும். வெளி டிஃப்ராக் மென்பொருள் வீணாக எழுதி எழுதி ஆயுளைத்தான் குறைக்கும்.

மாதம் ஒருமுறை டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கின் கெட்ட செக்டார்களை (டிஸ்க்கின் சிறு பகுதிகளை) எண்ணும் 05, சி5, சி6 வரிகளைப் பாருங்கள். 'ரா' மதிப்பு வழக்கமாகப் பதினாறடிமான எண்ணில் இருக்கும்; அங்கே 10 என்றால் 16. தரவு போய்வருவதில் நேரும் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிள்தான் குற்றவாளி, மாற்றிப் பாருங்கள். சி5 பூஜ்யத்தைத் தாண்டினால், படிக்க முடியாத செக்டார் இருக்கிறது என்று பொருள். அப்போது சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டு முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கின் 'ஆர்' சோதனையை அதற்கு முன் ஓட்டாதீர்கள்: முழு டிஸ்க்கையும் படித்து, தள்ளாடும் டிஸ்க்கைக் கீழே தள்ளிவிடும்.